முடிவு தெரிந்த சீசனை மறுபடி ஏன் ஆட வேண்டும்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்களோடு வேலை பார்க்கும் அமெரிக்கர் ஒருவர் இரண்டு வருடமாக வீட்டில் தனியாக உட்கார்ந்து, பகடையும் அட்டையும் வைத்துக்கொண்டு 1967 பேஸ்பால் சீசனை ஆட்டம் ஆட்டமாக ஆடி வருகிறார். இப்போதுதான் ஆகஸ்டு மாதத்துக்குள் நுழைந்திருக்கிறாராம். "யார் ஜெயித்தார்கள் என்பது ஊருக்கே தெரியும், இதில் என்ன இருக்கிறது? ஆடினால் அதே முடிவு வருமா? வராவிட்டால் விளையாட்டு தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு மூன்று கேள்விகள். உள்ளே இருப்பது ஒன்றுதான்: நடந்து முடிந்த ஒரு சீசனில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு? அந்த மனிதர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைத்தான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் படித்தது புள்ளியியல், பிழைப்பு காப்பீட்டுக் கணக்கு. நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது, "கணக்குப் பிடிக்கும் என்றாயே, இதை வைத்துக்கொள்" என்று ஒரு ஷூ பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திறந்தால் உள்ளே கட்டுக் கட்டாக அட்டைகள். அன்றிலிருந்து பதினான்கு வருடம் ஓடிவிட்டது. அங்கே இருக்கும் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் 1967 சீசனை ஒரு முறை முழுசாகவும், இன்னொரு முறை பாஸ்டன் ஆட்டங்களை மட்டும் தனியாகவும் ஆடி முடித்திருக்கிறேன். பேஸ்பாலை மைதானத்தில் ஒரு நாளும் ஆடியதில்லை. பந்தை எப்படிச் சுழற்றுவது என்று என்னிடம் கேட்டுவிடாதீர்கள். எண்கள் பக்கம்தான் நமக்குக் கொஞ்சம் பிடிபடும்.

இந்த வகை விளையாட்டில் பழையது ஏ.பி.பி.ஏ., ஆடுகிறவர்கள் வாயில் 'ஆப்பா'. பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் ரிச்சர்ட் சைட்ஸ் என்பவர் 1951-இல் விற்கத் தொடங்கியது. அடுத்து 1961-இல் வந்தது ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். உருவாக்கியவர் ஹால் ரிச்மன், கணிதம் படித்தவர். நான் ஆடுவது இரண்டாவதைத்தான், உங்கள் நண்பரும் பெரும்பாலும் அதைத்தான் ஆடுவார் என்று நினைக்கிறேன். அந்தச் சீசனில் ஆடிய ஒவ்வொரு வீரருக்கும் ஒரு அட்டை. அதில் படம் இருக்காது. எண்களும் சுருக்கெழுத்துகளும் நெருக்கமாக அச்சடித்திருக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைப் பிரித்து, பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக எழுதி கிரிக்கெட் ஆடியிருப்பீர்களே, அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அந்தப் புத்தகத்துக்கு கவாஸ்கரும் ஒன்றுதான், பதினோராவது ஆளாக இறங்கும் பந்து வீச்சாளரும் ஒன்றுதான். இந்த அட்டைக்கு ஆள் யாரென்று தெரியும்.

ஒரே ஒரு பந்தடியைக் கிட்டத்தில் காட்டுகிறேன். பாஸ்டனின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி மட்டையோடு நிற்கிறார், எதிரே மினசோட்டாவின் டீன் சான்ஸ் எறிகிறார். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். மூன்று பகடைகளைச் சேர்த்து உருட்டுகிறோம், ஒன்று வெள்ளை, மற்ற இரண்டும் சிவப்பு. வெள்ளையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் பிட்ச்சரின் அட்டையை. அந்த எண்ணே எந்தப் பத்தி என்பதையும் சொல்லிவிடும். சிவப்பு இரண்டின் கூட்டல் எந்த வரி என்பதைச் சொல்லும். வெள்ளை 2, சிவப்பு 3-ம் 4-ம் என்றால் யஸ்ட்ரெம்ஸ்கியின் அட்டையில் இரண்டாம் பத்தி, ஏழாம் வரி. அங்கே ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) என்றிருக்கலாம், அவுட் என்றிருக்கலாம். சில வரிகளில் "ஒன்று முதல் இத்தனை வரை ஹோம் ரன், அதற்கு மேல் டபுள் (நாலு மூலைப் பேஸ்களில் இரண்டாவது வரை ஓடுவது)" என்றிருக்கும்; அப்போது இருபது முகப் பகடையை எடுக்க வேண்டும். பிட்ச்சரின் அட்டையில் வேறு சில வரிகள் முடிவை ஃபீல்டரிடம் தள்ளிவிடும். அங்கே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) கில்லாடியா சுமாரா என்பதைப் பொறுத்து அது அவுட்டாகும் அல்லது ஹிட்டாகும், அதாவது அடித்தவர் பத்திரமாகப் பேஸைப் பிடிப்பார். ஆறு முகப் பகடை இரண்டை உருட்டினால் 36 வழிகள், அதில் கூட்டல் ஏழு வருவது ஆறு வழிகளில், இரண்டு வருவது ஒரே வழியில். ஆக ஒவ்வொரு அட்டையிலும் மூன்று பத்திக்குமாக 108 வாய்ப்புகள். வீரர் ஒரு வருடம் முழுக்கச் செய்ததை அந்த 108-க்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த மடிப்பு எப்படி என்று பார்த்தால் கணக்குப் பிடித்தவனுக்கு வாயில் எச்சில் ஊறும். யஸ்ட்ரெம்ஸ்கி அந்த வருடம் அடித்த சராசரி .326, அதாவது ஆயிரம் தடவைக்கு 326 ஹிட். அவர் அட்டையிலும் அதே விகிதத்தைப் போட்டால் கதை கெட்டுப்போகும். ஏனென்றால் பாதித் தடவை வெள்ளைப் பகடை பிட்ச்சரின் அட்டைக்குப் போய்விடுகிறது, அங்கே காத்திருப்பது சராசரி பிட்ச்சர். 1967 அமெரிக்கன் லீகில் ஒட்டுமொத்தச் சராசரி சுமார் .236. ஒரு பாதியில் .236 கிடைத்து, மொத்தம் .326 வர வேண்டுமென்றால், அவருடைய சொந்த அட்டை .416 அடித்தாக வேண்டும். அந்த அட்டையை முதன்முதலில் பார்க்கிறவர்கள் "இவ்வளவு ஹிட்டா?" என்று மலைப்பது இதனால்தான். நான் காட்டியது எலும்புக்கூட்டுக் கணக்கு. நிஜ அட்டையில் வாக் (தப்பாக எறிந்த நாலு பந்துக்கு இனாமாகக் கிடைக்கும் முதல் பேஸ்), மைதானத்தின் அளவு, இடதுகை வலதுகைப் பிட்ச்சர் வித்தியாசம் எல்லாம் சேரும். ஆனால் அடித்தளம் இதுதான்.

சரி, அதே முடிவு வருமா? வராது. இதை நான் தயங்காமல் சொல்வேன், இது அபிப்பிராயமே இல்லை, வெறும் கணக்கு. எதிரிகளுக்குச் சரிசமமான பலம் உள்ள ஓர் அணி, அதாவது ஒவ்வொரு ஆட்டத்திலும் நாணயம் சுண்டுவது போலப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள அணி, 162 ஆட்டம் ஆடினால் 81 ஜெயிக்க வேண்டும். ஆனால் வெறும் தற்செயலே அதை ஆறு வெற்றிகள் அளவுக்கு மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கும். மூன்றில் இரண்டு முறை 75-க்கும் 87-க்கும் நடுவில் நிற்கும். இருபதில் ஒரு முறை, கூடுதல் திறமை எதுவுமே இல்லாமல், 92-ஐத் தொடும் அல்லது தாண்டும். அந்த 92 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1967-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஜெயித்தது சரியாக 92. டெட்ராய்ட்டும் மினசோட்டாவும் தலா 91. சிகாகோ வைட் சாக்ஸ் 89. முதல் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் மூன்றே வெற்றி வித்தியாசம், தற்செயலின் வீச்சோ ஆறு. முந்தின வருடம் பத்து அணிகளில் ஒன்பதாவதாக நின்ற பாஸ்டன் இந்த நான்கு பேர் பந்தயத்தில் முன்னால் வந்தது. அதை மறுபடி ஓட்டினால் மறுபடியும் பாஸ்டனே வரும் என்று எந்தப் பகடையும் கையெழுத்துப் போட்டுத் தராது. என் மேசையில் வரவில்லை.

தனி வீரர்களுக்கும் இதே கதிதான். யஸ்ட்ரெம்ஸ்கி 579 தடவையில் 189 ஹிட் எடுத்தார். அதே திறமையோடு அதே 579 தடவையை மறுபடி ஆடினால், பதினொரு ஹிட் கூடுவதும் குறைவதும் சாதாரணம். சராசரி .306 என்று வந்தாலும் .346 என்று வந்தாலும் அட்டையைக் குறை சொல்ல முடியாது. அந்த வருடம் சராசரி, ஹோம் ரன், தன் அடியால் அணிக்குச் சேர்த்த ரன் மூன்றிலும் முதலிடம் பிடித்து அவர் 'டிரிபிள் க்ரவுன்' வாங்கினார். ஆனால் ஹோம் ரன்னில் ஹார்மன் கில்லப்ரூவும் அதே 44 அடித்துப் பக்கத்திலேயே நின்றார். சராசரியில் அடுத்து நின்ற ஃப்ராங்க் ராபின்சன் .311. மூன்று பட்டியலிலும் ஒரே ஆள் மறுபடி முதலில் வருவது அவ்வளவு லேசான காரியமா? இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமானால் 1941-இல் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் எடுத்தது. அவர் அட்டையை வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறிப்பிட்ட ஒரு நாளில் தொடங்கி 56 ஆட்டம் நீடிக்க வாய்ப்பு பல்லாயிரத்தில் ஒன்று. 1941-ஐ ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரும் மே 15 அன்று கொஞ்சம் நம்பிக்கையோடு உட்காருவார்கள், ஒரு வாரத்தில் எழுந்துவிடுவார்கள்.

அப்படியானால் மறு ஆட்டம் எதைத்தான் காட்டுகிறது? நான் இதில் மாட்டிக்கொண்டதற்குக் காரணமான அணியைப் பற்றிச் சொல்கிறேன். பால்டிமோர் ஓரியோல்ஸ். 1966-இல் உலகச் சாம்பியன், டாட்ஜர்ஸை நாலுக்கு நாலு அடித்து ஜெயித்தது. 1967-இல் 76 வெற்றி, 85 தோல்வி, ஆறாவது இடம். அந்த வருட வரலாற்றைப் படித்தால் பால்டிமோர் பெயர் ஓரத்தில் கூட வராது. ஆனால் அவர்கள் எடுத்த ரன் 654, கொடுத்த ரன் 592. எடுத்ததன் வர்க்கத்தை, எடுத்தது கொடுத்தது இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வந்ததால் வகுத்தால் வெற்றி விகிதம் கிட்டத்தட்ட வந்துவிடும் என்று பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் ஒரு எளிய வாய்ப்பாடு சொன்னார். பெரும்பாலான அணிகளுக்கு அது நாலைந்து வெற்றிக்குள் பொருந்தும். பாஸ்டனுக்கு 94 என்கிறது, நிஜம் 92. டெட்ராய்ட்டுக்கு 93, நிஜம் 91. மினசோட்டா அச்சாக 91. பால்டிமோருக்கோ 88 என்கிறது, நிஜம் 76! அட்டைகள் செய்யப்படுவது ஹிட், வாக், அவுட் இவற்றிலிருந்து, அவை ரன்னாகின்றன. எந்த ஆட்டம் ஒரு ரன்னில் தோற்றது, எது பத்து ரன்னில் ஜெயித்தது என்பது அட்டைக்குத் தெரியாது. அதனால் என் மேசையில் செப்டம்பர் நடுவரை பந்தயத்தில் இருந்தது அந்த ஆறாவது இட அணி. முதலில் நான் ஸ்கோர் ஷீட்டில் தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து ஜூன் மாதத்தை முழுக்கச் சரிபார்த்தேன். இரண்டு கூட்டல் பிழை கிடைத்தது, இரண்டும் நியூ யார்க் யாங்கீஸ் கணக்கில்.

பால்டிமோருக்கு நடந்தது முழுக்க அதிர்ஷ்டக் குறைவுதானா என்று கேட்டால், இங்கே நான் அடக்கி வாசிப்பேன். பன்னிரண்டு வெற்றி இடைவெளி தற்செயலாக வரக்கூடியதுதான், ஆனால் அபூர்வம். ஜூன் 27 அன்று அந்த அணியின் ஃப்ராங்க் ராபின்சன் இரண்டாம் பேஸில் மோதி விழுந்து, பார்வை இரட்டையாகத் தெரிய, ஒரு மாதம் போல உட்கார நேர்ந்தது. அவர் இல்லாத அந்த மாதம் அணியின் நெஞ்சுரத்தை என்ன செய்தது என்பதைப் பகடை சொல்லாது. நெருக்கமான ஆட்டங்களில் தோற்பது ஒரு குணமா, விபத்தா என்பதில் கணக்குக்காரர்கள் விபத்து என்ற பக்கம் சாய்வார்கள், மைதானத்தில் நின்றவர்கள் குணம் என்பார்கள். நான் முக்கால்வாசி விபத்துக் கட்சி.

உங்கள் மூன்றாவது கேள்வி, விளையாட்டு தப்பா என்பது. தப்பு இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. அட்டை செய்கிறவர்கள் வீரரின் திறமையைப் பார்த்துச் செய்வதில்லை, அந்த வருடம் அவர் எடுத்த எண்ணைப் பார்த்துச் செய்கிறார்கள். அந்த எண்ணிலேயே ஏற்கெனவே அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. அதன் மேல் நாம் பகடையை உருட்டினால் இரண்டாவது தடவை அதிர்ஷ்டம் சேருகிறது. முன்பே உப்புப் போட்ட குழம்பில் தெரியாமல் மறுபடி உப்புப் போட்ட கதை. டெட்ராய்ட்டின் நார்ம் கேஷ் 1961-இல் .361 அடித்தார். அடுத்த வருடம் .243. அதன் பின் ஓய்வு பெறும் வரை .300-ஐ எட்டவேயில்லை. அந்த 1961-இல் மட்டையைக் குடைந்து கார்க் அடைத்து ஆடியதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார் என்பது வேறு கதை. கார்க்கை விட அதிர்ஷ்டமே அதிகம் உதவியிருக்கும் என்பது என் கட்சி. ஆனால் 1961 அட்டைக்கு அவர் என்றென்றைக்கும் .361 ஆள். பகடையும் கூடச் சேர்ந்துகொண்டால் உங்கள் மேசையில் .390 போவார், யாரும் தடுக்க முடியாது. இதனால்தான் மறு சீசன்களில் உச்சமும் பாதாளமும் நிஜத்தை விடக் கொஞ்சம் அதிகமாகவே விரியும். கேஷ் போன்ற ஒருவரை வைத்து "இவர் உண்மையில் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர்" என்று தெரிந்துகொள்ள முடியாது. அதற்குப் பல வருட எண்களைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் சுவாரசியமானது. அட்டைக்கு வருடம் தெரியும், நாள் தெரியாது. 1967 ஏப்ரல் 14, யாங்கீ ஸ்டேடியம். பாஸ்டனுக்காக பில்லி ரோர் என்ற பையன் தன் முதல் ஆட்டத்தை எறிகிறான். எட்டு இன்னிங்ஸ் முடிந்தது, ஒரு ஹிட் கூட இல்லை. ஒன்பதாவதின் முதல் ஆள் டாம் ட்ரெஷ் தூக்கி அடித்த பந்தை யஸ்ட்ரெம்ஸ்கி பின்னோக்கி ஓடிப் பாய்ந்து பிடித்தார். இரண்டு அவுட் ஆனபின் எல்ஸ்டன் ஹோவர்ட் ஒரு சிங்கிள் அடித்துக் கனவைக் கலைத்தார். ஆட்டம் 3–0, பாஸ்டனுக்கு வெற்றி. அந்த வருடம் ரோர் ஜெயித்தது மொத்தமே இரண்டு ஆட்டம். ஆகவே அவர் அட்டை ஒரு சோப்ளாங்கி அட்டை. ஏப்ரல் 14-ஐ உங்கள் மேசையில் ஆடும்போது அந்தச் சோப்ளாங்கிதான் பந்தெறியும் மேட்டில் நிற்பான். ஹிட் கொடுத்த ஹோவர்ட் ஆகஸ்டு 3 அன்று பாஸ்டனுக்கே மாறி வந்தார் என்பது நிஜத்தின் குறும்பு. யாங்கீஸில் .196, பாஸ்டனில் .147 அடித்த அவருக்கு இரண்டையும் கலந்து .178 என்று ஒரே அட்டை. அவர் பாஸ்டனின் இளம் பிட்ச்சர்களை எப்படி வழிநடத்தினார் என்று அந்தக்கால ஆட்கள் இன்றும் புகழ்வார்கள். அந்தப் புகழுக்கு அட்டையில் ஒரு வரியும் கிடையாது.

கடைசி நாளான அக்டோபர் 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபென்வே பார்க்கில் மினசோட்டாவுக்கு எதிராக பாஸ்டன் 2–0 பின்னால். ஆறாவது இன்னிங்ஸின் முதல் ஆள் பிட்ச்சர் ஜிம் லான்போர்க். பிட்ச்சர்கள் பொதுவாக மட்டையில் மோசம், அதனால் அட்டையைக் கையில் வைத்திருக்கும் எவனும் அங்கே வேறு பேட்டரை இறக்குவான், நானும் இறக்கினேன். மேனேஜர் டிக் வில்லியம்ஸ் இறக்கவில்லை. லான்போர்க் பந்தைத் தொட்டு வைத்துவிட்டு ஓடி முதல் பேஸை எடுத்தார், அந்த இன்னிங்ஸில் ஐந்து ரன், 5–3 வெற்றி. யஸ்ட்ரெம்ஸ்கி அந்தக் கடைசி இரண்டு ஆட்டங்களில் எட்டுக்கு ஏழு. டெட்ராய்ட்டுக்கோ மழை இரண்டு நாளைத் தின்றுவிட்டதால் சனியும் ஞாயிறும் இரண்டிரண்டு ஆட்டம், கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸோடு. ஞாயிறு இரண்டாவது ஆட்டம் ஜெயித்தால் பாஸ்டனோடு சமம். 8–5 பின்னால், ஒன்பதாவது இன்னிங்ஸ், பேஸில் ஆள் இருக்க, டிக் மெக்காலிஃப் அடித்தது டபுள் ப்ளே, ஒரே அடியில் இரண்டு அவுட், ஆட்டம் அதோடு முடிந்தது. பாஸ்டன் வீரர்கள் அறையில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மெக்காலிஃப் அந்தச் சீசன் முழுக்க அடித்த டபுள் ப்ளே எத்தனை தெரியுமா? அதோடு சேர்த்து இரண்டு. பகடை அந்த இரண்டையும் தரும், ஆனால் ஏதாவது ஒரு மே மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் தரும்.

இதிலெல்லாம் கை வைக்கிற பெரிய ஆபத்து ஆடுகிறவர்தான். தனியாக ஆடும்போது இரண்டு பக்க மேனேஜரும் நாமே. பாதிப் பேர் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்வார்கள். ஓய்வில்லாமல் லான்போர்க்கையே மூன்று நாளுக்கு ஒருமுறை எறிய விடுவார்கள். முப்பது தடவை மட்டும் மட்டை பிடித்துப் பன்னிரண்டு ஹிட் எடுத்த ஒரு பெஞ்சு ஆள் இருந்தால், அவன் அட்டை தங்கச் சுரங்கம். அவனைத் தினமும் ஆட விட்டால் ஹோம் ரன் மன்னன் பேப் ரூத்தையே தாண்டிவிடுவான். அதற்கு மருந்து, நிஜத்தில் ஆடிய அளவுக்கு மேல் யாரையும் ஆட விடாமல் ஒரு நோட்டில் எண்ணிக்கொண்டு வருவது. இன்னும் கறாரானவர்கள் அந்தந்த நாள் யார் யார் எந்த வரிசையில் இறங்கினார்களோ அப்படியே இறக்குவார்கள். அதற்கான ஆட்ட விவரம் எல்லாம் ரெட்ரோஷீட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஸ்மித் 1989-இல் தொடங்கிய வேலை அது. அது மட்டும் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்கள் இன்னும் பழைய செய்தித்தாள் கட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். நான் இரண்டாவது முறை ஆடியபோது இந்தக் கறார் வழியில்தான் ஆடினேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும், ஆனால் ஏப்ரல் குளிரும் செப்டம்பர் களைப்பும் அப்போதுதான் உறைக்கும்.

நீங்களும் ஆட ஆசைப்பட்டால் எடுத்த எடுப்பில் முழு லீகை ஆரம்பிக்காதீர்கள். பத்து அணி, ஆளுக்கு 162 ஆட்டம் என்றால் மொத்தம் 810 ஆட்டம். பழகிய கைக்கு ஓர் ஆட்டம் அரை மணி, ஆக நானூறு மணி நேரம். தினம் ஒன்று என்று விடாமல் ஆடினால் இரண்டே கால் வருடம். பாதியில் விட்டவர்கள் பெட்டி பெட்டியாக இருக்கிறார்கள். ஒரே அணியை எடுத்தால் எண்பது மணி நேரத்தில் முடிந்துவிடும். அதுவும் அதிகம் என்றால் 1967-இன் கடைசி இரண்டு வாரத்தில் அந்த நாலு அணிகளின் ஆட்டங்களை மட்டும் ஆடுங்கள், நிஜமான புள்ளிப் பட்டியலை செப்டம்பர் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். கணினிப் பதிப்பும் இருக்கிறது, ஒரு சீசனைச் சில நிமிடத்தில் ஓட்டிவிடும். பால்டிமோர் எத்தனை தடவை முதலில் வரும் என்று நூறு முறை ஓட்டிப் பார்க்க அதுதான் சரி, எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு, பாத்திரம் கழுவி முடித்த மேசையில், இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஆள் என்று இருக்கும்போது கையில் பகடையைக் குலுக்கிக்கொண்டு இரண்டு விநாடி தாமதிப்பது கணினியில் கிடைக்காது. 1981-இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால், இரண்டு லீகின் நட்சத்திரங்களும் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் குறித்த நாளில் நடக்காதபோது, க்ளீவ்லாந்தின் காலி மைதானத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தை ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் ஆடிய கூட்டம் இது. எங்களிடம் போய் நியாயம் கேட்கலாமா?

கடைசியாக, உங்கள் நண்பரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவர் ஆகஸ்டு மாதத்துக்குள் வந்துவிட்டார் என்கிறீர்கள். 1967 ஆகஸ்டு 18 இரவு ஃபென்வே பார்க்கில், நான்காவது இன்னிங்ஸில், ஜாக் ஹாமில்டன் எறிந்த பந்து பாஸ்டனின் டோனி கோனிக்லியாரோவின் முகத்தில் பட்டது. கன்ன எலும்பு நொறுங்கியது, கண் கெட்டது, 1968 முழுக்க அவர் ஆடவில்லை. அதுவரை 95 ஆட்டத்தில் 20 ஹோம் ரன் அடித்திருந்தவருக்கு வயது 22. அவர் அட்டையில் இது எதுவும் இல்லை, நல்ல அட்டை. முதல் முறை ஆடியபோது நான் அவரைத் தொடர்ந்து ஆட விட்டேன், செப்டம்பரில் நன்றாகவே அடித்தார். அந்த ஆட்டங்களின் ஷீட்டுகளை இப்போது புரட்டினாலும் ஏதோ திருடின மாதிரி இருக்கும். இரண்டாவது முறை நான்காவது இன்னிங்ஸில் அவரை எடுத்துவிட்டு, நிஜத்தில் நடந்தது போலவே அவருக்குப் பதில் ஓட ஹோசே டார்டபுல்லை அனுப்பினேன். ஆட்டத்தைப் பாதியில் வைத்துவிட்டு அன்றைக்குப் படுக்கப் போய்விட்டேன். இரண்டில் எது சரி என்று கேட்டால் எங்கள் ஆட்களிடம் ஒரு பதில் கிடைக்காது. ஆகஸ்டு 18-ஐ அவர் எப்படி ஆடப் போகிறார் என்று கேளுங்கள், ஆனால் மதியச் சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரத்தில் கேட்காதீர்கள்.